காதுக்குள் ஒரு காதல் சாகசம்

செமினியில் ரயில் நிலையம் இல்லை. எம்ஆர்டியோ கொமியூட்டரோ, காஜாங் போய்த்தான் பிடிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அந்தச் சாலை எப்படி ஊரும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வேலை என்றால் போகிற வழியிலேயே பாதித் தெம்பு போய்விடும். வீடு திரும்பினால் துணி, பாத்திரம், மறுநாள் சமையல். அதற்குப் பிறகு புத்தகத்தை எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகும். ஒலிநூல் இப்படிப்பட்டவர்களுக்குத்தான். அதிலும் ஓட்டம், துரத்தல், கடற்கொள்ளையர், வாய்த்துடுக்கு, நடுவே இரண்டு ஆண்களுக்குள் மெல்ல முளைக்கிற காதல் என்று போகும் நகைச்சுவைக் கதைகள் காதுக்கென்றே பிறந்தவை. தன்பாலீர்ப்புக் கதை என்றாலே முடிவில் ஒருவர் சாக வேண்டும், இன்னொருவர் அழ வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறார்கள். அப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு ரசிக்கச் சில குறிப்புகள்:

1. கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு வாங்காதீர்கள், குரலைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆடிபிள், கூகுள் பிளே போன்ற கடைகளில் மாதிரித் துண்டு இலவசமாகக் கிடைக்கும். அதில் இரண்டைக் கவனியுங்கள். இருவர் பேசிக்கொள்ளும் இடத்தில், 'அவன் சொன்னான்' என்று வராமலே யார் பேசுவது என்று தெரிகிறதா? சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வாசிப்பவர் நமக்கு முன்பே சிரித்துவிடுகிறாரா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றோ, இரண்டாவதற்கு 'ஆமாம்' என்றோ பதில் வந்தால் அந்தப் பதிவு வேண்டாம். கதை நல்ல கதைதான் என்றால் அச்சில் படித்துக்கொள்ளலாம்.

2. மின்னல் எஃப்எம் வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், பாம்பே கண்ணனின் 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலைக் கேட்டவர்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு: பாத்திரத்துக்கு ஒரு குரல் இருக்க வேண்டும். ஆங்கில ஒலிநூல்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் நாயகன், காதலன், தங்கை, கொள்ளைக்காரன் எல்லோருமாகப் பேசுவார். முதல் அரை மணி நேரம் காது தடுமாறும். அதற்குள் 'நமக்கு ஒத்துவராது' என்று மூடிவிடாதீர்கள். இரண்டாம் அத்தியாயம் வரை பொறுத்திருந்தால், பேசுவது ஒரே ஆள் என்பதே மறந்துபோகும்.

3. முதன்முதலில் கேட்பவர்களுக்கு என் பரிந்துரை அமெரிக்க எழுத்தாளர் மெக்கன்சி லீயின் 'தி ஜென்டில்மேன்ஸ் கைட் டு வைஸ் அண்ட் வர்ச்சூ'. 2017-இல் வந்தது. கதை நடப்பது 18-ஆம் நூற்றாண்டில். பிரபு வீட்டுப் பிள்ளை ஹென்றி மான்டேகு, எல்லோருக்கும் மான்டி. குடி, சூது, ஊர்வம்பு எதையும் விடாதவன். அந்தக் காலத்து இங்கிலாந்துச் செல்வந்தர்கள் படிப்பு முடித்த பிள்ளைகளை ஐரோப்பா சுற்ற அனுப்புவார்கள். மான்டியும் கிளம்புகிறான், சிறுவயதுத் தோழன் பெர்சியோடு. பெர்சிமேல் அவனுக்கு உள்ளூரக் காதல், சொல்லத்தான் வாய் வரவில்லை. கூடவே புத்தகப் புழுவான தங்கை ஃபெலிசிட்டி. வெர்சாய் அரண்மனையில் மான்டியின் கை சும்மா இராமல் ஒரு பொருளைத் திருடிவிட, அங்கிருந்து பிடிக்கிறது ஓட்டம்: வழிப்பறிக்காரர்கள், பார்சலோனா, கடற்கொள்ளையர்கள், வெனிஸ். சுமார் 11 மணி நேரப் பதிவு. கதையை மான்டியே சொல்கிறான். அதற்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ்டியன் கோல்சன்; ஹாரி பாட்டர் இரண்டாம் படத்தில் இளம் டாம் ரிடிலாக வந்தாரே, அவர்தான். படத்தில் பயமுறுத்தியவர் இங்கே அசடு வழிவதைக் கேட்பது தனிச் சுகம்.

கலகலப்புக்கு அடியில் கனமும் இருக்கிறது. மான்டியின் அப்பா கை நீட்டுகிற மனிதர். பெர்சியோ கலப்பினப் பிள்ளை, அவனுக்கு வலிப்பு நோயும் உண்டு. அவற்றுக்காக ஊர் அவனை நடத்தும் விதத்தைக் கதை பூசி மெழுகவில்லை. அடி உதையைக் கேட்கச் சங்கடப்படுபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கதை பிடித்துப்போனால் ஃபெலிசிட்டியை நாயகியாக்கி 2018-இல் இரண்டாம் நூலும், 2021-இல் மூன்றாவதும் வந்திருக்கின்றன.

4. வேகத்தைக் கூட்டாதீர்கள். செய்தி, பாடம், தன்னம்பிக்கை நூல்களை ஒன்றரை மடங்கில் ஓட்டலாம்; யாருக்கும் நட்டமில்லை. நகைச்சுவையில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே விடுகிற இடைவெளியில்தான் சிரிப்பு ஒளிந்திருக்கிறது. வேகம் கூட்டினால் முதலில் காணாமல் போவது அதுதான். பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் முதல் ஒரு மணி நேரம் 0.9-இல் வைத்துக் கேளுங்கள், பிறகு 1-க்கு வாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

5. நம் பக்கத்துக் கதை வேண்டும் என்பவர்களுக்கு இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்டா'. 2022-இல் புக்கர் பரிசு பெற்றது. நாயகன் மாலி போர்க்களப் புகைப்படக்காரன், சூதாடி. கதை தொடங்கும்போதே செத்துப்போயிருக்கிறான். மேலுலகம் எப்படி இருக்கிறது? அசல் அரசாங்க அலுவலகம்: வரிசை, முகப்பு, பாரம், எதற்கும் பதில் தெரியாத ஊழியர்கள். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கவும், ஒளித்துவைத்த படங்கள் இருக்கும் இடத்தை உயிரோடு இருப்பவர்களுக்குக் காட்டவும் அவனுக்கு ஏழு இரவுகள்தான் அவகாசம். அவன் காதலித்த டிடி, அமைச்சர் ஒருவரின் மகன், தமிழன். அந்த இருவரின் காதல் ஊருக்குத் தெரியாமல் ஒரே வீட்டுக்குள் ஓடுகிற காதல். முழுக் கதையும் 'நீ பார்க்கிறாய், நீ நடக்கிறாய்' என்று முன்னிலையில் போவதால், ஒலியாகக் கேட்கும்போது யாரோ நம் தோளில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும். அச்சில் இந்த உணர்வு அவ்வளவாக வராது.

இதில் காதலைவிடக் கொலையும் அரசியலும் அதிகம். 1983 கலவரத்தின் படங்களும், 80-களின் கடைசியில் காணாமற்போனவர்களும் கதை நெடுக வருகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலோடு வளர்ந்த யாழ்ப்பாணத்து வழிக் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய. அப்படி ஒரு வீட்டில் இதை ஒலிபெருக்கியில் போடுமுன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பழைய காயத்தைத் தொட்டுவிடும் கதை அது.

6. கூச்சமில்லாத, தலைகால் புரியாத கூத்து வேண்டுமா? டி. ஜே. க்ளூனின் 'தி லைட்னிங் ஸ்ட்ரக் ஹார்ட்' (2015). மந்திரவாதிக்குச் சீடன் ஒருவன், அவன் மனம் பறிகொடுத்த வீரன், ஒரு டிராகன், பாதி அரக்கன், கொம்பை இழந்த வாயாடி யூனிகார்ன் குதிரை. மைக்கேல் லெஸ்லி குரல் கொடுத்திருக்கிறார். அந்தக் குதிரை வாயைத் திறந்தாலே சிரிப்புதான். ஆனால் இது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான கதை. அட்டைப்படம் விளையாட்டாக இருக்கிறதே என்று பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் போட்டுவிடாதீர்கள்.

7. சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் குழப்பமில்லாமல் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் தண்டிப்பது குறிப்பிட்ட சில வகை உடலுறவை. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கதை கேட்பது அந்தப் பிரிவுகளில் வராது. நூல்களுக்கு வேறு சட்டம்: 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். உள்துறை அமைச்சர் தடைசெய்த வெளியீட்டைத் தக்க காரணம் இல்லாமல் வைத்திருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். பலருக்குத் தெரியாத செய்தி, அந்தச் சட்டத்தில் ஒலிப்பதிவும் 'வெளியீடு'தான். எனவே வாங்குமுன் தடைப் பட்டியலை உள்துறை அமைச்சின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். 2013-இல் கெராக்பூடாயா வெளியிட்ட 'கே இஸ் ஓகே' என்ற நூலை 2020-இல் தடைசெய்தார்கள். 2022-இல் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநிறுத்தியது. போன வருடம் பார்த்தேன் என்பது இந்த வருடத்துக்குப் போதாது.

8. கார் புளூடூத். இது தனிக் குறிப்பாகவே இருக்கட்டும். காரை முடுக்கியதும் கைப்பேசி தானாக இணைந்து, நேற்று இரவு நிறுத்திய இடத்திலிருந்து கதை உரக்கத் தொடரும். நேற்று நிறுத்திய இடமோ முதல் முத்தமாகத்தான் இருக்கும். பின் இருக்கையில் அத்தை. "யாருப்பா அது, இங்கிலீசுல இப்படிக் குழையறது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கார் அமைப்பில் தானாக ஒலிப்பதை நிறுத்திவையுங்கள். அந்த வசதி இல்லாத பழைய காராக இருந்தால், இறங்குமுன் செயலியை மூடிவிட்டு இறங்குங்கள். வீட்டுக் கூடத்தில் இருக்கும் புளூடூத் ஒலிபெருக்கிக்கும் இதே விதிதான்.

9. சமையலறையில் கேட்க ஏற்ற வேலை எது, ஏலாத வேலை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நெத்திலித் தலை கிள்ளுவது, கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது, துணி மடிப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது எல்லாம் ஒலிநூலுக்கென்றே அமைந்தவை. கை தானாக ஓடும், காது சும்மா இருக்கும். சம்பல் வதக்குவது, குழம்புக்கு உப்புப் போடுவது, பிள்ளையின் மருந்தை அளப்பது இவற்றில் வேண்டாம். துரத்தல் காட்சி உச்சத்துக்குப் போகும்போது உப்பு இரண்டு முறை விழும். அரைக் கிலோ நெத்திலிக்கு இரண்டு அத்தியாயம் நிச்சயம் ஓடும். அம்மா கிள்ளச் சொல்லும்போது முகம் சுளிக்காத பிள்ளை என்று வீட்டில் நல்ல பெயரும் கிடைக்கும்.

10. கை நெத்திலி நாற்றத்தோடு இருக்கும்போது கைப்பேசியைத் தொட முடியாது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் கைப்பேசியைப் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். திரை பைக்கு மேலிருந்தே தொடுகையை ஏற்கும். வேலை முடிந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிடலாம். இரண்டு காதிலும் செருகிக்கொண்டு சமைக்காதீர்கள், குக்கர் விசில் கேட்காது. ஒரு காது கதைக்கு, இன்னொன்று வீட்டுக்கு.

11. ரயிலில் கேட்பவர்கள் நூலை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி. மான்டியின் முழுக் கதையும் 320 எம்பிக்குள் அடங்கிவிடும். காஜாங் தடத்தில் மாலூரியிலிருந்து மியூசியம் நெகாரா வரை ஏழு நிலையங்களும் தரைக்கு அடியில். சுரங்கத்தில் இரைச்சல் கூடும். அங்கே ஒலியைக் கூட்டிவைத்துவிட்டு, இறங்கிய பிறகு குறைக்க மறப்பவர்கள்தான் அதிகம். மெல்லிய குரலில் பேசும் காதல் காட்சி சுரங்கத்தில் வந்தால் நிறுத்திவிட்டு, மியூசியம் நெகாராவில் இறங்கி கேஎல் சென்ட்ரலுக்கு நடக்கும் பாதையில் தொடருங்கள். ரயிலில் தனியாகச் சிரிப்பதற்கு வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் இருப்பவரும் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

12. ஒலி அளவைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். கைப்பேசிகளில் இதைக் கணக்கிட்டு எச்சரிக்கும் வசதி இருக்கிறது, முடுக்கி வையுங்கள். நம் ஊர் வெக்கையில் காதில் செருகும் முனைகள் வியர்வையில் ஊறிவிடும். ரப்பர் முனையைக் கழற்றி, சவர்க்கார நீரில் அலசி, நன்றாக உலர்த்திப் பிறகு மாட்டுங்கள். அடுத்தவர் செருகியதை வாங்கிச் செருகாதீர்கள், காதலர்களே ஆனாலும்.

13. மாலையில் இடி இடித்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்னல் நேரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் கைப்பேசியைக் கம்பியோடு காதில் மாட்டிக்கொண்டு கதை கேட்பது வேண்டாத வேலை.

14. படுக்கையில் கேட்பவர்கள் உறக்க நேரக் கடிகாரத்தை நிமிடக் கணக்கில் வைக்காமல் 'அத்தியாய முடிவில் நிறுத்து' என்று வையுங்கள். பாதிச் சண்டையில் நின்றால் தூக்கம் வராது. கண் அயர்ந்துவிட்டால் மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடுவது பெரும்பாடு. அதற்கும் ஒரு வழி உண்டு: தூங்குமுன் குறியீட்டுப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிடுங்கள். அதே பொத்தானைச் சிரிப்பு வந்த இடங்களிலும் அழுத்திவைத்தால், பின்னாளில் மனசு சோர்ந்த நேரத்தில் அந்த இடங்களை மட்டும் கேட்கலாம்.

15. குடும்பத்தில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தினால், நீங்கள் கேட்கும் நூலின் அட்டைப்படம் எல்லோர் திரையிலும் தெரியும். பூட்டிய திரையிலும் தெரியும். வீட்டில் இன்னும் சொல்லாத விஷயம் ஒன்றை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது சின்னச் சங்கதி அல்ல. தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பூட்டிய திரையில் அறிவிப்பு வராமல் நிறுத்துங்கள்.

பெற்றோருக்கும் இதிலேயே ஒரு வார்த்தை. மகனின் கைப்பேசியில் இப்படி ஓர் அட்டைப்படத்தைப் பார்த்தால் விசாரணை நடத்தாதீர்கள். கதை கேட்பவர்கள் எல்லோரும் தம் கதையைத்தான் கேட்கிறார்கள் என்றில்லை. கொலைக் கதை கேட்பவர் கொலைகாரரா? ஒருவேளை அது அவன் கதையேதான் என்றாலும், அவனாக வந்து சொல்கிற நாளில் கேட்டுக்கொள்ளும் காது உங்களுக்கு இருப்பதுதான் முக்கியம். முடிந்தால் அந்த நூலை நீங்களும் கேளுங்கள். பெர்சியை உங்களுக்குப் பிடித்துவிடும், மான்டியை இரண்டு அறை அறையத் தோன்றும்.

16. செலவைக் குறைக்க வழி உண்டு. மாதச் சந்தாவில் சேர்ந்தால் மாதத்துக்கு ஒரு நூல் என்பது பொதுவான ஏற்பாடு. சந்தா வெளிநாட்டு நாணயத்தில் போவதால், கேட்காத மாதங்களில் நிறுத்திவைக்க மறக்காதீர்கள். உங்கள் நூலக அட்டை லிபி போன்ற இரவல் செயலியில் சேருமா என்று நூலக முகப்பில் கேட்டுப் பாருங்கள். செமினியில் நாட்டிங்ஹம் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் தங்கள் நூலகத்திலும் விசாரிக்கலாம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் திருட்டுப் பதிவு வேண்டாம். பாதியில் அறுந்துபோகும், அத்தியாயம் முன்பின்னாக வரும். பதினோரு மணி நேரம் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து வாசித்தவருக்குச் சேர வேண்டியதும் சேராது.

17. தோழர் ஒருவரோடு சேர்ந்து கேளுங்கள். இருவரும் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயம் வரை கேட்பது, சனிக்கிழமை மாமாக் கடையில் தே தாரேவுக்கு நடுவே பேசுவது. முன்னால் ஓடிப்போய்க் கேட்டவர் வாயைத் திறக்கக்கூடாது என்பது மட்டுமே விதி. காதல் கதையில் 'எப்போதுதான் சொல்லப்போகிறான்' என்று இரண்டு பேர் சேர்ந்து அங்கலாய்ப்பதில் கிடைக்கும் ருசி தனியாகக் கேட்கும்போது வராது.

18. கேட்டு முடித்ததும் மதிப்புரை எழுதுங்கள், நாலு வரி போதும். அதில் எழுத்தாளரின் பெயரோடு குரல் கொடுத்தவரின் பெயரையும் குறிப்பிடுங்கள். தமிழில் நாவலை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் வானொலிகளிலும் மேடைகளிலும் இருக்கிறார்கள். இப்படி ஒரு கதையைத் தமிழில் அவர்கள் குரலில் கேட்க ஆளிருக்கிறது என்று பதிப்பாளர்களுக்குத் தெரிந்தால்தான் அதுவும் வரும். கேட்க விரும்புபவர்கள் அதை எழுதியும் சொல்லுங்கள்.